பித்தளைத் தகடு ஏறிய ராக்கெட்

பள்ளி மாற்றுச் சான்றிதழில் ஒரு மாணவனின் நடத்தையைக் குறைத்து எழுதுவதற்கு முன்னால் அவனிடமும் அவனைப் பெற்றவர்களிடமும் எழுத்துமூலம் விளக்கம் கேட்க வேண்டும். அவர்கள் தரும் விளக்கத்தைக் கோப்பில் சேர்க்க வேண்டும். அதற்குப் பிறகும் யாராவது மேல்முறையீடு செய்தால், மனு வந்த நாளைப் பதிவேட்டில் குறித்து, ஒப்புகை அனுப்பி, காலாகாலத்தில் பதில் சொல்ல வேண்டும். இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம்மில் பாதிப் பேர் இந்த வாக்கியங்களை அடுத்த அலுவலகத்துக்கு எழுதி அனுப்பியே ஓய்வூதியம் வரைக்கும் வந்து சேர்ந்தவர்கள். என் அண்ணன் விஷயத்தில் இவற்றில் ஒன்றும் நடக்கவில்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1978, மாசி கழிந்து பங்குனி பிறக்கிற நேரம். எனக்குப் பதின்மூன்று வயது. அண்ணனுக்குப் பதினாறு, பள்ளிக்கூடத்தில் அவனுக்கு அது கடைசி வருஷம். அது முடிந்ததும் பாலிடெக்னிக்கில் சேர வேண்டும் என்பதுதான் அவனுடைய ஒரே எண்ணம். அப்பா பசுமலைப் பக்கம் ஒரு மில்லில் நூல் சுற்றும் பகுதியில் வேலை பார்த்தார். வீட்டுக்கு வரும்போது அவர் காது மடலில், புருவத்தில், மூக்குத் துவாரத்தில் எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். மகன் அந்தப் பஞ்சுக்குள் வரக்கூடாது என்பது அவருடைய ஒரே எண்ணம். இரண்டும் ஒன்றுக்கொன்று தோதாகத்தான் இருந்தன.

அண்ணன் அதற்கு முன்பே சின்னச் சின்ன ராக்கெட்டுகள் விட்டிருந்தான். தீபாவளி வாணத்தைப் பிரித்து விளையாடுகிற வேலை அல்ல அது. உடம்பு, மூக்கு, சிறகு, பாராசூட் என்று ஒவ்வொன்றையும் வரைந்து, அளந்து செய்வான். ஒன்று போய்ப் பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பத்துக்கு மேலே ஏறி, குடை விரித்து, தலைமையாசிரியர் அறை வாசலிலேயே இறங்கியது. அவர் அதைக் கையில் எடுத்து மோந்து பார்த்தார். அவருக்கு மூக்குப்பொடிப் பழக்கம் உண்டு. எதையும் மூக்குக்குக் கொண்டுபோகாமல் அவரால் புரிந்துகொள்ள முடியாது.

"வெள்ளி விழாவுக்கு இதையே பெருசா ஒண்ணு செய்யிடா. ஆள் ஒசரத்துக்கு. வேற எந்தப் பள்ளிக்கூடத்துலயும் இருக்கக்கூடாது" என்றார்.

அதற்கு என்னென்ன அனுமதி வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்றெல்லாம் இப்போது என்னால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல முடியும். அன்றைக்கு அவர் கேட்டது ஒருவரிடம் மட்டும்தான். அது தாளாளர். தாளாளர், "போட்டோவுல நல்லா வருமா?" என்று கேட்டாராம்.

*

ராக்கெட்டின் உடம்பு, மில்லில் துணி சுற்றி வருகிற அட்டைக் குழாய். ஐந்தடி நீளம், என் தொடையளவு பருமன். அதன்மேல் பழைய செய்தித்தாளைக் கிழித்து மைதாப் பசையில் தோய்த்து ஒன்பது சுற்று ஒட்டினோம். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் துளி மயில்துத்தம் கலப்போம். அந்தப் புளித்த, செம்பு நாற்றம் பத்து நாள் எங்கள் வீட்டுச் சோற்றிலேயே இருந்தது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டே பரிமாறுவாள்.

மூக்கு, கல்யாண முருங்கைக் கட்டை. கட்டில் கால் கடைகிறவர் ஒருவர் கடைந்து கொடுத்தார். அதன் உள்ளே குடைந்து ஈயம் வைத்தோம். சிறகு நான்கும் தேயிலைப் பெட்டிப் பலகை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தேயிலை வாசனை பொடியோடு கிளம்பும். அந்த வேலையில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். பாராசூட்டுக்கு அம்மாவின் நைலக்ஸ் சேலை, மயில் கழுத்து நிறம்.

"இது எங்கண்ணன் எனக்குத் தலைப்பிள்ளைக்கு எடுத்துக் குடுத்தது. இதத்தான் வெட்டணுமா உங்களுக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"அந்தத் தலைப்பிள்ளைதாம்மா வெட்டுறேன்" என்றான் அண்ணன்.

அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தானே கத்தரிக்கோலை எடுத்து வந்து கொடுத்தாள்.

அண்ணன் இடதுகைக்காரன். வெட்டுவது, ஒட்டுவது, கம்பி முறுக்குவது எல்லாம் அவன் வேலை. கம்பியை முறுக்கினால் நமக்கெல்லாம் எதிர்ப்பக்கமாகத்தான் முறுக்குவான். அவன் முறுக்கியதை நான் பிரிக்கப் போனால் இன்னும் இறுகும். அதற்கு ஒரு குட்டு விழும்.

கணக்கு என் வேலை. பழைய பேப்பர் கடையில் அகப்பட்ட ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் ராக்கெட் செய்வது பற்றி ஆறு பக்கம் இருந்தது. அண்ணனுக்கு ஆங்கிலம் வராது. நான் அகராதியை வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் என்று தமிழில் எழுதினேன். அந்த நோட்டு இப்போது இல்லை. ஆனால் அதில் இருந்த முக்கியமான விஷயத்தை இப்போதும் உங்களுக்கு இரண்டு வரியில் சொல்லிவிடுவேன்.

ராக்கெட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் எந்த இடத்தில் சாயாமல் நேராக நிற்கிறதோ அங்கே ஒரு சிவப்புக் கோடு. ராக்கெட்டின் உருவத்தை அட்டையில் வெட்டி, அந்த அட்டை எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறதோ அந்த அளவில் குழாயின்மேல் ஒரு நீலக் கோடு. சிவப்பு, நீலத்துக்கு மேலே, மூக்குப் பக்கமாக இருக்க வேண்டும். குழாயின் பருமன் அளவுக்காவது தள்ளி இருக்க வேண்டும். இருந்தால் நேராகப் போகும். சிவப்பு கீழே இறங்கினால் போகிற போக்கில் திரும்பிக்கொள்ளும்; பிறகு அது எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கீழக்குயில்குடிக் கண்மாய் அப்போது வற்றிக் கிடந்தது. சமணர் மலை அடிவாரத்தில், வெடித்த வண்டல்மேல் நின்றுகொண்டு, அண்ணன் ராக்கெட்டின் சிவப்புக் கோட்டில் கயிறு கட்டித் தலைக்கு மேலே சுழற்றிப் பார்த்தான். மூக்கு காற்றுக்கு முகம் கொடுத்து, ஒரு தடவைகூடத் தடுமாறாமல் சுற்றியது. ஹூம் என்று ஒரு சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. அவன் களைத்துப்போய் உட்கார்ந்து, "உன் கணக்கு சரிடி" என்றான். அவன் என்னைப் பாராட்டியது அந்த வருஷத்தில் அந்த ஒரு தடவைதான்.

*

மருந்து வேலைக்கு மட்டும் ஆள் வேறு. கோயில் திருவிழாவுக்கும் தர்கா சந்தனக்கூட்டுக்கும் வாணம் செய்து கொடுக்கிற உரிமம் பெற்ற பாய் ஒருவர் பழைய நகரத்தில் இருந்தார். ஊருக்கு வெளியே அவருக்கு ஒரு கொட்டகை. அதற்குள் எங்களை அவர் விடவில்லை. மருந்துக் குழாய்க்குள் என்ன போடுவார், எவ்வளவு போடுவார் என்று அண்ணன் மூன்று தடவை கேட்டும் சொல்லவில்லை.

"அது எங்க அத்தாவுக்கும் எனக்கும் தெரிஞ்சாப் போதும். நீ பொட்டிய மட்டும் ஒழுங்காச் செய்யி. விடுற அன்னைக்கு நானே கொண்டாந்து நானே மாட்டுவேன். வேற எவனும் தொடக்கூடாது" என்றார்.

ராக்கெட்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். இரண்டு கோட்டையும் விரலால் தடவினார்.

"இந்தக் கோடெல்லாம் யாரு போட்டது?"

"தங்கச்சி."

என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். "நெசமாவா தாயி?"

தலையாட்டினேன்.

"சரியாத்தான் இருக்கு. இனிமே இதுல ஒரு ஆணிகூடப் பின்னால ஏறக்கூடாது பாத்துக்க. சிறகுப் பக்கம் கனம் ஏத்துனா குப்புறத்தான் வரும்."

எங்கள் கணக்கைக் கணக்காக எடுத்துக்கொண்ட ஒரே பெரிய மனிதர் அவர். பிற்பாடு நடந்த விசாரணைக்கு அவரை மட்டும் கூப்பிடவில்லை.

*

விழா ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமையே ராக்கெட்டைக் கொண்டுவந்து தன் அறையில் வைக்கச் சொல்லித் தலைமையாசிரியர் உத்தரவிட்டார். வருகிற போகிற பெரியவர்கள் பார்க்க வேண்டுமாம். கொண்டுபோய் வைத்தோம். இரண்டு நாள் பூட்டிய அறைக்குள் அதைப் பார்க்க எங்களுக்கு அனுமதி இல்லை.

ஞாயிறு மதியம் கண்மாய்க்குள் பந்தல் போட்டு, இரும்பு நாற்காலி அடுக்கி, ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். கேசரி அண்டாவைச் சுற்றி ஈ. ராக்கெட் அதன் மேடையில் நின்றது. பக்கத்தில் போனதும் அண்ணன் அப்படியே நின்றுவிட்டான்.

இரண்டு சிறகுகளுக்கு நடுவே, அடிப்பாகத்தில், ஒன்றரை அடி நீளத்துக்கு ஒரு பித்தளைத் தகடு. தாளாளருடைய காலஞ்சென்ற தகப்பனார் பெயர், அவர் வகித்த பதவிகள், அதற்குக் கீழே 'நினைவாக உபயம்', அதற்கும் கீழே தாளாளர் பெயர். பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிற கைதான். ஓரத்தில் கொடி, பூ எல்லாம் இருந்தது. ரிவெட் வைத்து அடித்திருந்தார்கள். பத்து ரிவெட்.

கோயில் விளக்கின்மேல் வெளிச்சம் வராதபடி பெயர் எழுதுகிற ஊரில் நாங்கள் இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். எங்களுக்குச் சின்ன வயது.

அண்ணனும் நானும் அதைத் தூக்கிக் கயிற்றில் தொங்கவிட்டோம். சிவப்புக் கோட்டில் கட்டினால் வால் தொப்பென்று தரையில் இடித்தது. கயிற்றைக் கீழே இறக்கிக்கொண்டே போனேன். நீலக் கோட்டையும் தாண்டி மூன்று விரல் கீழே போன பிறகுதான் நேராக நின்றது.

அண்ணன் தலைமையாசிரியரிடம் ஓடினான். நானும் பின்னால் ஓடினேன். அதனால் ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரியும்.

"சார், தகட்ட எடுத்துரணும் சார்."

"எடுக்கவா? அதுல யாரு பேரு இருக்குன்னு பாத்தியா நீ?"

"பேரு இருக்கட்டும் சார், மேல மூக்குகிட்ட வச்சுக்கலாம். கனம் பின்னால போயிருச்சு. விட்டா கவுந்துரும் சார்."

"மூக்குல வச்சா போட்டோவுல எப்பிடிடா விழும்? முன்வரிசையில உக்காந்திருக்கவங்க தலைக்குப் பக்கத்துல வரணும்னு நான்தான அளந்து அடிக்கச் சொன்னேன்."

"அப்ப அரைமணி நேரம் குடுங்க சார். மூக்குல இன்னும் ஈயம் வச்சுர்றேன்."

தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மணி நாலே காலாச்சு. நாலரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள ஏறணும். போ போ, வெரசாப் போய் நில்லு."

பாய் மருந்துக் குழாய்களை மாட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "சார், பையன் சொல்றது நெசம். இம்புட்டுக் கனத்த வால்ல வச்சு எவனும் விட மாட்டான்."

"பாய், உங்க வேல முடிஞ்சதுல்ல?"

பாய் குழாயைக் கழற்றி எடுத்துக்கொண்டு போயிருக்கலாம் என்று நான் பல வருஷம் அவர்மேல் கோபப்பட்டதுண்டு. அவர் செய்தது வேறு. திரும்பி நடந்துபோய், கண்மாய்க்குள் உட்கார்ந்திருந்த நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்த்துக் கத்தினார். "எல்லாரும் எந்திரிங்க. கரைக்கு அங்கிட்டுப் போங்க. ஒருத்தன் இங்க இருக்கக்கூடாது. அம்புட்டுப் பேரும் அங்கிட்டு." வாத்தியார்கள் முறைத்தார்கள். பிள்ளைகள் அவர் குரலுக்குப் பயந்து கரையேறிப் பின்னால் இறங்கினார்கள். பந்தலில் இருந்த பெரியவர்களை மட்டும் அவரால் கிளப்ப முடியவில்லை. அவர்கள் போட்டோவுக்கு உட்கார்ந்திருந்தார்கள்.

*

போட்டோ எடுத்தாகிவிட்டது. தகட்டையாவது இப்போது பெயர்க்கலாமா என்று அண்ணன் மறுபடி போய்க் கேட்டான். இந்தத் தடவை தாளாளரிடமே. அவர் வேட்டியைத் தழையவிட்டுக்கொண்டு சிரித்தார். "எங்கப்பாவும் ஒரு தரம் மேல போய்ட்டு வரட்டும்யா."

சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நீங்களும் அலுவலகங்களில் கேட்டிருப்பீர்கள். மேலே இருக்கிறவர் வாயைத் திறந்ததும் கீழே வரிசையாக விழுகிற சிரிப்பு.

பந்தலில் ஓர் அழைப்புமணிச் சுவிட்ச் வைத்திருந்தோம். அங்கிருந்து கம்பி தரையில் ஓடி, பந்தலுக்குப் பக்கவாட்டில் தள்ளி இருந்த கார் பேட்டரிக்குப் போய், பேட்டரியிலிருந்து ராக்கெட்டுக்குப் போகும். அண்ணன் பேட்டரியிடம் போனான். குனிந்தான். கம்பியைப் பிரித்து எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்து போய்க் கரையேறி, பிள்ளைகளோடு நின்றுகொண்டான்.

ஒலிபெருக்கியில் எண்ணினார்கள். தாளாளர் சுவிட்சை அழுத்தினார். ஒன்றும் இல்லை. மறுபடி அழுத்தினார். கரைக்குப் பின்னாலிருந்து ஒரு பிள்ளை சீட்டியடித்தது.

தலைமையாசிரியர் வியர்த்துப்போய் வந்தார். பேட்டரியைப் பார்த்தார். அவருக்கு எதுவும் விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். மூக்குப்பொடிக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே குனிந்து, மெதுவாகச் சொன்னார்.

"நீ நல்ல பிள்ளையாச்சே. உனக்குத் தெரியும்ல? மாட்டு."

தெரியும். எந்தக் கம்பி எங்கே என்பது தெரியும். சிவப்புக் கோடு எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். அந்தக் கண்மாயில் நின்ற அத்தனை பேரிலும் அது என்னைப்போலத் துல்லியமாக யாருக்கும் தெரியாது. ஆனால் நான் முதல் வகுப்பிலிருந்து நல்ல பிள்ளை. சொன்னால் செய்கிற பிள்ளை. உட்கார்ந்து கம்பியை எடுத்து முறுக்கினேன். ராகுகாலத்துக்கு நான்கு நிமிஷம் இருந்தது.

மூன்று பனை உயரத்துக்கு அது நேராகத்தான் போனது. அந்த ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு வால் ஆடியது. தலையைக் கவிழ்த்து, ஒரு வட்டம் சுற்றி, படுத்த வாக்கில் தரைக்கு மேலே சீறிக்கொண்டு பந்தலைப் பார்த்து வந்தது. பந்தல் துணியைக் கிழித்துக்கொண்டு மறுபக்கம் போய், அங்கே நின்ற காரின் கதவில் மோதி உடைந்தது. துணி பற்றிக்கொண்டது. தாளாளர் நாற்காலியோடு விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கரைக்குப் பின்னால் இருந்த பிள்ளைகளில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. பாராசூட் விரியவே இல்லை. அம்மாவின் சேலை காரின் சக்கரத்தடியில் சுருங்கி, உருகிய கறுப்புப் பிசினாகக் கிடந்தது.

தீயை அணைத்ததும் என்ன நடந்தது தெரியுமா? கேசரி கொடுத்தார்கள். கரித்துணி நாற்றத்துக்கு நடுவே, வாழையிலைத் துண்டில் வைத்து. ஒரு வாத்தியார் இரண்டாம் தரம் வாங்கித் தின்றார். அவர் விரல் இடுக்கில் நெய் வழிந்தது. நான் அன்றிலிருந்து கேசரி தின்பதில்லை.

தகடு கழன்று தனியே விழுந்திருந்தது. ஒரு மூலை மட்டும் மடங்கியிருந்தது. பெயர் பளபளவென்று இருந்தது. அதை யாரோ மேல்துண்டால் துடைத்துத் தாளாளர் காரில் வைத்தார்கள்.

*

செவ்வாய்க்கிழமை என்னைத் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்கள். தட்டச்சு செய்த ஒரு தாள் மேஜைமேல் இருந்தது. என்னிடம் கேட்டது இரண்டே கேள்விகள்.

"ராக்கெட் விடுறதுக்கு முன்னால உங்கண்ணன் பேட்டரிகிட்டப் போனானா?"

"போனான் சார்."

"கம்பியக் கழட்டுனானா?"

"கழட்டுனான் சார்."

"அம்புட்டுத்தான். கையெழுத்துப் போடு தாயி."

தகட்டைப் பற்றிக் கேட்கவில்லை. சிவப்புக் கோடு, நீலக் கோடு பற்றிக் கேட்கவில்லை. பொம்பளைப் பிள்ளை அதில் என்ன செய்திருக்கப் போகிறது என்பது அவர்கள் எண்ணம். கம்பியைத் திரும்ப மாட்டியது யார் என்றும் கேட்கவில்லை. அதற்கு விடை அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர் மூக்குப்பொடி போட்டுக்கொண்டிருந்தார். இன்னொருத்தி கையெழுத்துப் போட்டாள், தாளைப் படிக்காமல். பழுப்பாய் ஒரு பொடிக்கறை அந்தத் தாளின் ஓரத்தில், என் பெயருக்கு மேலே இருந்தது.

படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்று பிற்பாடு எத்தனை இளநிலை உதவியாளர்களைக் கடிந்திருப்பேன்.

அந்தத் தாளில் என்ன இருந்தது என்பது அண்ணனின் மாற்றுச் சான்றிதழ் வந்தபோது தெரிந்தது. நடத்தை என்ற இடத்தில் சிவப்பு மையில்: 'திருப்தியற்றது. பொதுவிழாவில் வேண்டுமென்றே நாசவேலை செய்தவன். உடன்பிறந்தவளின் வாக்குமூலம் காண்க.' சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: மூன்று வருஷம் கழித்து அதே பள்ளிக்கூடத்தில் அதே மனிதர் எனக்குக் கொடுத்த சான்றிதழில் நடத்தை 'மிக நன்று.'

பாலிடெக்னிக்கில் அந்தத் தாளைப் பார்த்ததும் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "இதத் திருத்தி வாங்கிட்டு வாங்க, அப்பறம் பாப்போம்" என்றார் அங்கிருந்த எழுத்தர். நியாயமான பேச்சுதான். திருத்துவதற்கு வழி இருந்தது. மனு.

அப்பா மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு மனுப் போட்டார். அவருக்கு எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் கையெழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கும். 'ஐயா, என் மகன் ஒரு பாவமும் அறியாதவன்' என்று என் கையால் எழுதினேன். அவனுக்கு எதிரான வாக்குமூலத்தில் இருப்பதும் என் கைதான். கம்பியை மாட்டியது நான் என்று இடையில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். ஒவ்வொரு மனுவிலும் அந்த வரிக்கு இடம் இருந்தது. நான் எழுதவில்லை. எழுதினால் என் நடத்தைக்கு எதிரேயும் சிவப்பு மை வந்துவிடும் என்ற பயம். பதின்மூன்று வயதிலேயே எனக்கு அலுவலகப் புத்தி வந்துவிட்டது.

முதல் மனு, 1978 ஜூன். பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை மட்டும் திரும்பி வந்தது. அப்புறம் நினைவூட்டு. அப்புறம் இன்னொரு நினைவூட்டு. அப்பா அந்த அட்டைகளை எல்லாம் ஒரு நூல்கண்டுப் பெட்டியில் போட்டு வைத்தார். ஒவ்வொரு வருஷமும் சேர்க்கை நேரத்தில் ஒரு தரம் எடுத்து அடுக்கிப் பார்ப்பார். "போய்ச் சேந்திருக்குல்ல? அப்ப பதில் வரும்" என்பார்.

அண்ணன் இரண்டு வருஷம் காத்திருந்தான். மூன்றாவது வருஷம் திருமங்கலத்தில் ஒரு பம்புசெட் பழுதுபார்க்கும் பட்டறையில் சேர்ந்தான். ராக்கெட் பற்றி அவன் பேசி நான் பிறகு கேட்டதில்லை.

*

படித்து, பரீட்சை எழுதி, நான் அரசு வேலைக்கு வந்தேன். மனு எப்படி நடக்கிறது, எங்கே உட்கார்ந்துகொள்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. 1986இல் தெரிந்தவர் ஒருவர் மூலமாக அந்தக் கல்வி அலுவலகத்தின் பதிவேட்டைப் பார்த்தேன். அப்பாவின் முதல் மனு, 'பள்ளியின் அறிக்கை வேண்டி' பள்ளிக்குப் போயிருந்தது. யார்மேல் புகாரோ அவரிடமே அறிக்கை. பள்ளி, பதிவேடு தணிக்கையில் இருப்பதாக எழுதியது. அடுத்த வருஷமும் தணிக்கை. அதற்கடுத்த வருஷமும். அத்தனை வருஷம் தணிக்கை செய்ய அதில் அப்படி என்ன பொக்கிஷம் இருந்ததோ.

அன்றைக்குத்தான் எழுதினேன். ஒரு பக்கம். தகடு, ரிவெட், மூன்று விரல், கம்பி. 'கம்பியை மீண்டும் இணைத்தவள் நானே. தலைமையாசிரியர் சொல்லி இணைத்தேன். என் அண்ணன் அதைக் கழற்றியது விபத்தைத் தடுக்கவே' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இந்தத் தடவை படித்துப் பார்த்துத்தான் போட்டேன். அதற்கும் ஒப்புகை அட்டை வந்தது. அப்பாவிடம் சொல்லவில்லை. அதற்கடுத்த வருஷம், பஞ்சு அடைத்த நெஞ்சோடு, அவர் போய்விட்டார். நூல்கண்டுப் பெட்டி என்னிடம் வந்தது.

பிறகு ஒருநாள் அப்பா பெயருக்கு ஒரு பழுப்பு உறை வந்தது. கடிதத்தின் தலைப்பில் 'பார்வை' என்ற இடத்தில் அப்பாவின் மனுக்கள் மட்டும் வரிசையாகக் குறிக்கப்பட்டிருந்தன. என்னுடையது அந்தப் பட்டியலில் இல்லை. விஷயம் நான்கே வரி. மேற்படி மாணவன் சம்பந்தமான அசல் பதிவேடும் வாக்குமூலமும் கரையான் அரித்துச் சிதைந்துவிட்டபடியால், பாதகமான ஆதாரம் ஏதும் இல்லாத நிலையில், மாணவனின் நடத்தை 'நன்று' எனக் கொள்ளப்படுகிறது. திருத்திய சான்றிதழை மாணவன் தந்தையுடன் நேரில் வந்து பெற்றுக்கொள்ளலாம்.

உண்மையை எழுதியவளுக்குப் பதில் இல்லை. கரையானுக்கு இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருமங்கலம் பஸ் ஏறினேன். அண்ணன் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு அதன் நடுவில் உட்கார்ந்திருந்தான். கிரீஸ் கையோடு தொடாமல், நான் பிடித்துக் காட்டக் காட்டப் படித்தான்.

"கரையான் பரவால்லடி. யாரையும் விசாரிக்காமத் தீர்ப்புச் சொல்லிருச்சு" என்றான்.

நான் நின்றுகொண்டே சொன்னேன். "அண்ணே, அன்னைக்கு அந்தக் கம்பிய மாட்டுனது நான்."

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? பேட்டரிய எடுத்துட்டுப் போகலாம்னு அன்னைக்குச் சாயங்காலம் போனேன்ல. முறுக்கு வலது பக்கமா இருந்துச்சு. எந்தக் கம்பி எங்கன்னு தெரிஞ்சு வலது பக்கமா முறுக்குறது உன்ன விட்டா யாரு?"

பட்டறையில் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நிற்கும்வரை காத்திருந்து கேட்டேன்.

"அப்பறம் ஏன் நீ சொல்லல?"

"சொல்லியிருந்தா ரெண்டு டிசி போயிருக்கும். அப்பாவுக்கு ஒண்ணு போதாதா?" என்று சொல்லிவிட்டு அவன் மோட்டாரின் பக்கம் திரும்பி, இடது கையால் செம்புக் கம்பியை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தான்.

திருத்திய சான்றிதழை வாங்க அவன் போகவில்லை. தந்தையுடன் நேரில் வர வேண்டும் என்று விதி போட்டிருந்தார்களே, அதற்கும் வழி இல்லை. தகடு, மடங்கிய மூலையோடு, பள்ளிக்கூடத்துக் குடிதண்ணீர்த் தொட்டியின்மேல் பதித்திருந்ததை நான் கடைசியாகப் பார்த்தேன். பிள்ளைகள் அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு தண்ணீர் குடித்தார்கள்.

கடிதம் நூல்கண்டுப் பெட்டியில், ஒப்புகை அட்டைகளுக்கு மேலே இருக்கிறது. அலுவலகம் போட்ட முத்திரை மங்கி அவர்கள் தேதி தெரியவில்லை. பழக்கதோஷத்தில் நான் வலது ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தது மட்டும் தெரிகிறது. பெறப்பட்ட நாள்: 14 ஜூலை 1989.